மறையூரா, குமுளியா, கொழிஞ்சாம்பாறையா?

கேள்வி: மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்த எனக்கு இப்போது 52 வயது. 27 ஆண்டுகளாக எர்ணாகுளத்தில் வேலை. பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டார்கள். கேரளத்தை விட்டுப் போக மனமில்லை. ஆனால் தமிழ் பேசுவோர் நடுவில் வாழ ஆசை. மனைவிக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. தமிழக எல்லையோர ஊர்களான மறையூர், குமுளி, கொழிஞ்சாம்பாறை ஆகியவற்றில் எது பொருந்தும்? கொழிஞ்சாம்பாறை அருகே 12 சென்ட் இடம், அக்கம்பக்கத்து விலையில் பாதிக்குக் கிடைக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை இரண்டு: மனைவியின் முழங்கால், பாதி விலை. ஊரைத் தீர்மானிக்க வேண்டியது முன்னது. உங்களை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டியது பின்னது.

மலையில் பிறந்தவருக்கு மறையூரின் குளிரும், கரும்புப் பாலைக் காய்ச்சும் ஆலைக்கொட்டகையின் மணமும் எவ்வளவு இழுப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரவு 11 மணிக்கு நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் மூணாறுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை, மறுபக்கம் சின்னார் காட்டைக் கடந்து உடுமலைப்பேட்டை. 52 வயதில் நீங்களே வண்டி ஓட்டிச் சென்றுவிடுவீர்கள். 70 வயதில் ஓட்டுபவர் யார் என்பதை இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். தவிர, இடுக்கியில் பல இடங்கள் 1964 நில ஒதுக்கீட்டு விதிகளின்படி அரசு வழங்கிய பட்டய நிலங்கள் என்பதால், என்ன நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது, விற்கத் தடை உண்டா என்பதைப் பட்டயத்தையே வாசித்து அறிய வேண்டும்.

குமுளியின் சிக்கல் சரிவு. வீட்டுக்கு நாலு படியாவது ஏறாமல் அங்கே மனை அமைவது அரிது. ரயிலே இல்லாத இடுக்கி மாவட்டத்துக்கு, 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வந்த அகலப்பாதை ரயில் ஒரு வசதிதான். ஆனாலும் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போக மலை இறங்கி, கம்பத்தையும் தேனியையும் தாண்டியாக வேண்டும்.

ஆகவே என் தேர்வு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தரை சமம், பாலக்காடும் பொள்ளாச்சியும் எட்டும் தூரம், பாலக்காட்டில் 2014 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, கோவையின் மருத்துவமனைகளும் தொலைவில்லை. காப்பீட்டு அட்டையை எல்லைக்கு அப்பால் ஏற்பார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அங்குள்ள குறை தண்ணீர். கொழிஞ்சாம்பாறை இருக்கும், மழைமறைவுப் பகுதியான பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதி, நிலத்தடி நீரை மிகையாக உறிஞ்சிக் களைத்த மண். பரம்பிக்குளம்–ஆழியாறு என்ற தமிழக-கேரள நதிநீர் ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வருகிறது என்று தரகர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அது பாசனத்துக்கான நீர், உங்கள் போர்வெல்லில் ஊறும் என்று பொருளல்ல.

இப்போது அந்த 12 சென்டுக்கு வருகிறேன். கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் இடத்தின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'நிலம்' என்று எழுதியிருந்தால், தமிழர்களாகிய நாம் மனை என்று எண்ணித் தலையாட்டிவிடுகிறோம். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்த உலர்ந்த மேட்டுப்பகுதிக்கு அங்கே பெயர் 'புரையிடம்'. மண் நிரப்பி, காய்த்துக் குலுங்கும் தென்னையுடன் நிற்கிற இடமும் பதிவில் 'நிலம்' என்றே கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, டேட்டா பேங்கில், அதாவது அரசின் நெல்வயல் பட்டியலில், ஏறிய வயலில் வீடு கட்ட பஞ்சாயத்து அனுமதி தராது. தவறாக ஏறிவிட்டது என்றால் ஃபாரம் 5, டேட்டா பேங்கில் இல்லாமல் 'நிலம்' என்று மட்டும் இருந்தால் ஃபாரம் 6 என்று மனுப்போட்டு, நாள்கணக்கின்றிக் காத்திருக்க வேண்டும். வயல் சொந்தக்காரர் 10 சென்டில் வீடு கட்டச் சலுகை உண்டே என்பார்கள். அது பழைய உடைமையாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, புதிதாக வாங்குபவர் அதை நம்பி இறங்கக் கூடாது. பாதி விலைக்குக் காரணம் அநேகமாக இதுவே.

இடம் 'நிலம்' என்றால் விட்டுவிடுங்கள். பிப்ரவரி முதல் மே வரை பேருந்துச் சாலையோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கி, ஏப்ரலில் தெருவுக்கு எத்தனை தண்ணீர் லாரி வருகிறது என்று பார்த்துவிட்டு, புரையிடமாக ஏழெட்டு சென்ட் தேடுங்கள். முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்குப் பத்து தனியாக ஒதுக்கி வையுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் சர்வே எண்ணுடன் கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகத்துக்கு)ப் போய் டேட்டா பேங்கைக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே வில்லேஜ் ஆபீஸில் விற்பவர் பெயரில் போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்திருக்கிறதா என்றும், சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் குடிக்கடச் சான்றில் (வில்லங்கச் சான்றில்) கடன் ஏதும் தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.