வாசகர் கேள்வி பதில்: போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்

இந்த முறை பைல்ஸ், அதாவது மூலம். கேள்வி அனுப்பியவர்கள் எல்லோருமே கடைசியில் "பெயர் போட வேண்டாம் டாக்டர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். போடவில்லை, நிம்மதியாகப் படியுங்கள்.

கேள்வி: வயது 34. இரண்டு வாரமாக மலம் கழித்து முடித்ததும் சொட்டுச் சொட்டாக ரத்தம் வருகிறது. வலி கொஞ்சமும் இல்லை. இணையத்தில் தேடினால் புற்றுநோய் வரைக்கும் போகிறது, தூக்கமே போய்விட்டது. இது பைல்ஸ்தானா?

பதில்: பெரும்பாலும் பைல்ஸாகத்தான் இருக்கும். ஆனால் அந்த "பெரும்பாலும்" என்பதைப் பிடித்துக்கொண்டு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

மூலம் என்பது எங்கிருந்தோ புதிதாக வந்து முளைத்த கட்டி இல்லை. ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு பிறவியிலேயே எல்லோருக்கும் இருக்கிறது, வழக்கமாக மூன்று இடங்களில். காற்றோ நீரோ கசியாமல் வாயை இறுக்கி மூட அது உதவுகிறது. வருடக்கணக்கில் முக்கி முக்கி, அதைப் பிடித்து வைத்திருக்கும் இழைகள் தளர்ந்துபோனால் மெத்தை வீங்கிக் கீழே சரியும், கெட்டியான மலம் அதை உரசிக்கொண்டு போனால் ரத்தம் வரும். உள்மூலம் இருக்கும் இடத்தில் தோலில் இருப்பது போன்ற வலி நரம்புகள் கிடையாது, அதனால்தான் பீங்கான் முழுக்கச் சிவந்து கிடந்தாலும் உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இதற்கு மாறாக, மலம் போகும்போது கண்ணாடித் துண்டு வைத்துக் கீறுவது போல வலித்து, அப்புறம் ஒரு மணி நேரம் எரிந்துகொண்டே இருந்தால் அது அநேகமாக ஆசனவாய்த் தோலில் விழுந்த வெடிப்பு. அதையும் பைல்ஸ் என்றே சொல்லிக்கொண்டு பைல்ஸ் மருந்து போடுபவர்கள் ஏராளம்.

டாக்டர் கையுறை போட்டு விரலால் ஒரு சோதனை, சின்னக் குழாய் ஒன்றை விட்டு ஒரு பார்வை, எல்லாம் சேர்த்துச் சில நிமிடம்தான். போய்க் காட்டிவிடுங்கள். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்திருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் பழக்கமே சில வாரங்களாக மாறியிருந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தாலோ, அல்லது வயது 45ஐத் தாண்டியிருந்தாலோ, "பைல்ஸ்தான்" என்று மூடிவிடாமல் கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) தேவையா என்று நீங்களாகவே டாக்டரிடம் கேளுங்கள். மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் மூலம் இருப்பவருக்கே தனியாகப் புற்றுநோயும் இருக்கலாம், கவலை அதுதான்.

கேள்வி: நார்ச்சத்து சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன், வயிறு பலூன் மாதிரி ஊதிவிட்டது, நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் டாய்லெட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் திருப்தியாகப் போவதில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நார்ச்சத்து இல்லை, அந்த அரை மணி நேரம். கையில் போன் இருக்கிறது, சரிதானே? நான் கேட்டால் எல்லோரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள், கூட வந்தவர் முகத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

டாய்லெட் கோப்பையின் மேல் உட்காரும்போது நடுவில் தாங்கல் இல்லை, அந்த மெத்தைகள் கீழே தொங்கி ரத்தம் தேங்கி வீங்குகின்றன. முக்கினால் இன்னும் மோசம். கொஞ்சம் வீக்கம் இருந்தாலே உள்ளே ஏதோ பாக்கி இருப்பது போலத் தோன்றும், அதை வெளியேற்ற மறுபடி முக்குவீர்கள், வீக்கம் கூடும், பாக்கி இருப்பது போல இன்னும் தோன்றும். அங்கே மலமே இருக்காது, நீங்கள் வெளியேற்றப் பார்ப்பது உங்கள் சொந்தச் சதையை! ஆகவே ஐந்து நிமிடம், அதற்குள் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த முறை உந்துதல் வரும்போது போகலாம். காலை உணவுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். கோப்பையில் உட்காருபவர் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்தால் வழி நேராகி மலம் சுலபமாக இறங்கும்.

நார்ச்சத்துக்கு வருவோம். ஒருநாளைக்கு 25 முதல் 30 கிராம் என்பது கணக்கு. அதை ஒரே நாளில் எட்டப் பார்த்தால் வயிறு ஊதத்தான் செய்யும். பழம், காய்கறி, பருப்பு, முழுத்தானியம் என்று வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், போதாவிட்டால் இசப்கோல், அதாவது தண்ணீரில் கலந்து குடிக்கும் நார்ச்சத்து உமி. இசப்கோலைத் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே அடைத்துக்கொள்ளும், ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். ரத்தம் குறைய ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகலாம். நான்காவது நாளே "கேட்கவில்லை" என்று விடுவதால்தான் இந்த வைத்தியத்துக்குக் கெட்ட பெயர்.

கேள்வி: நேற்று இரவு திடீரென்று ஆசனவாயின் வெளியே திராட்சை அளவில் நீலமாக ஒரு கட்டி. உட்கார முடியவில்லை. உள்ளே தள்ளிப் பார்த்தேன், போகவில்லை.

பதில்: தள்ளாதீர்கள்! அது உள்ளே போகவேண்டிய பொருளே இல்லை. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்து நின்றிருக்கிறது, அங்கே தோல் நரம்புகள் இருப்பதால் இந்த வலி. முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். தாங்க முடியாவிட்டால் இன்றே, தாமதமென்றால் 72 மணி நேரத்துக்குள், டாக்டரிடம் போங்கள், மரக்க வைத்து அதை அகற்றிவிடுவார்கள். நாள் கடந்துவிட்டால் வெட்டுவதில் பெரிய லாபமில்லை, தானாகவே ஓரிரு வாரத்தில் வற்றும். அதுவரை அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை உட்காருங்கள். தண்ணீரில் எதுவும் கலக்க வேண்டாம். வெளியே வந்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய களிம்பு நன்றாகக் கேட்கிறது. மூன்று மாதமாகப் போடுகிறேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, தோல் மெலிந்துவிடும். களிம்பு அரிப்பையும் எரிச்சலையும் அடக்கும், மூலத்தைச் சுருக்காது.

கேள்வி: எட்டு மாதக் கர்ப்பம். இப்போதுதான் முதன்முதலாக வந்திருக்கிறது.

பதில்: கடைசி மூன்று மாதத்தில் மிகச் சாதாரணம் அம்மா. கருப்பையின் அழுத்தம், ஹார்மோனால் குடல் மந்தம், போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மலத்தை இளக்க எது பாதுகாப்பு என்று உங்கள் டாக்டரே தருவார். இடதுபக்கம் சாய்ந்து படுங்கள். பிரசவத்துக்குப் பின் பலருக்கும் தானே அடங்கிவிடுகிறது.

கேள்வி: மலம் கழிக்கும்போது வெளியே வருகிறது, விரலால் தள்ளினால்தான் உள்ளே போகிறது. லேசர் செய்தால் திரும்ப வரவே வராது என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: "வரவே வராது" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் சொல்வது மூன்றாம் நிலை. வெளியே வராமல் ரத்தம் மட்டும் என்றால் முதல் நிலை, தானே உள்ளே போனால் இரண்டு, தள்ளினாலும் போகாவிட்டால் நான்கு. முதல் நிலைக்காரரையும் நேராக ஆபரேஷனுக்கு அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் நிலையில் பலருக்கும் ரப்பர் வளையம் போட்டுப் பார்க்கலாம், அதற்கு மயக்க மருந்து தேவையில்லை. வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்த, அந்தச் சதை வாடி ஒரு வாரம் பத்து நாளில் விழுந்துவிடும், விழும்போது கொஞ்சம் ரத்தம் வரலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிகப் பெரியதாக இருந்தாலோ வளையம் பலிக்காவிட்டாலோ அறுவை சிகிச்சை. அதில் வலி அதிகம், திரும்ப வரும் வாய்ப்பு மற்றதைவிடக் குறைவு. வளையம் போட்ட பிறகு காய்ச்சல் வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.