உங்கள் கேள்வியில் ஒரு 'உம்'

கேள்வி: ஜப்பானில் ஷியோஜிரி என்ற ரயில்வே ஜங்ஷனைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டு, 80 வருடம் கழித்து வேறு இடத்துக்கு மாற்றினார்களாமே? ஜப்பான்காரர்களுமா இப்படி?

பதில்: ஜங்ஷன் கிடக்கட்டும். 'ஜப்பான்காரர்களுமா' என்பதில் ஒரு 'உம்' உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்ப்போம். இலக்கணத்தில் அதற்கு உயர்வு சிறப்பும்மை என்று பெயர். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதில் வருகிற அதே உம். ஒரே எழுத்துச் செலவில் ஒரு தேசத்தையே யானையாக்கி, வழுக்கியும் விட்டுவிட்டீர்கள். (கிரந்த எழுத்து ஒழிக என்கிற கோஷ்டி இதற்குள் 'சியோசிரி' என்று திருத்தக் கிளம்பியிருக்கும். ஊர்க்காரன் வந்தால்கூட இறங்கவேண்டிய ஸ்டேஷன் தெரியாமல் தாண்டிப் போய்விடுவான்.)

விஷயம் என்னவென்றால், யானை சறுக்கவில்லை. ஷியோஜிரிக்கு 1902 டிசம்பரில் முதலில் வந்த பாதை வடக்கே மட்சுமோட்டோவிலிருந்து. 1906இல் டோக்கியோ பக்கத்துப் பாதை வந்து சேர்ந்தது. 1909இல் கிசோ பள்ளத்தாக்குப் பக்கம் பாதை கிளம்பியது. 1911இல் அது நகோயா வரை இணைந்தது. கடலோரப் பாதையை எதிரிக் கப்பல் சுட்டால் என்ன செய்வது என்று ராணுவம் கவலைப்பட்டதால், மலைக்குள் டோக்கியோவையும் நகோயாவையும் சேர்ப்பதுதான் முக்கியம். ஆகவே அந்த வண்டி நேரே போகும்படி ஸ்டேஷனை வைத்தார்கள். மட்சுமோட்டோ பாதையும் நகோயா பாதையும் ஒரே முனையில் வந்து சேர்ந்தன. அன்றைய கணக்குக்கு அது சரி.

பிறகு பயணிகள் கணக்கை மாற்றினார்கள். 1964இல் ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயில் வந்தபின் டோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு மலை ஏறிப் போக யாருக்குப் பைத்தியம்? நகோயாவிலிருந்து மட்சுமோட்டோ, நாகானோ போகிற கூட்டமோ பெருகியது. அந்த வண்டிகள் ஷியோஜிரியில் நின்று, வந்த முனையிலேயே திசை மாறிப் புறப்பட வேண்டும். எஞ்சின் இழுக்கிற வண்டியானால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் ஓட்டி, மறுமுனையில் மாட்டி, பிரேக் குழாயை இணைத்து, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, வால் விளக்கை இடம் மாற்றி, அப்புறம்தான் விசில். மின்ரயிலில் இத்தனை இல்லை; ஓட்டுநர் கடைசிப் பெட்டிக்கு நடந்தால் போதும். ஆனால் எல்லா இருக்கையும் பின்பக்கம் பார்க்கும். வளைவில் சாய்ந்து வேகமெடுக்கிற ஜப்பானின் முதல் விரைவு வண்டி 1973இல் 'ஷினானோ' என்ற பெயரில் ஓடியது இந்தத் தடத்தில்தான். வளைவுகளில் மிச்சம் பிடித்த நிமிடங்களை ஷியோஜிரியில் நின்று செலவழித்தது! 1982 மே மாதம் ஸ்டேஷனை மட்சுமோட்டோ பக்கம் தள்ளிக் கட்டினார்கள். இப்போது இரண்டு பக்கத்து வண்டியும் நேரே வடக்கே போகும். டோக்கியோ–நகோயா என்றால்தான் திரும்ப வேண்டும். முக்கோணத்தின் மூன்றாவது பக்கமாக ஓர் இணைப்புத் தடம் இருக்கிறது. அதில் பயணிகள் வண்டி வழக்கமாக ஓடுவதில்லை.

சறுக்கலைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே இருக்கிறது. டோக்கியோ பக்கத்து ஒகாயாவிலிருந்து ஷியோஜிரிக்குப் பழைய பாதை, இனா பள்ளத்தாக்கின் வாசலான தட்சுனோ வழியாக 27.7 கிலோமீட்டர். 1983 ஜூலையில் 5,994 மீட்டர் சுரங்கத்தைத் திறந்தார்கள், 11.7 கிலோமீட்டர் ஆயிற்று. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட அந்தப் பழைய பாதைக்கு 'தைஹாச்சி சுற்று' என்று பெயர். இனா பள்ளத்தாக்கின் அரசியல்வாதி இட்டோ தைஹாச்சி, 'பிரதான பாதைதான் எங்கள் பக்கம் வரவில்லை, வாசல் வரைக்குமாவது வரட்டும்' என்று வளைத்துக்கொண்டாராம். அந்தக் காலத்தில் ஆறு கிலோமீட்டர் மலையைக் குடைய முடியாது, அதனால்தான் சுற்றினார்கள் என்பது எதிர்க்கட்சி வாதம். இதே பாதையில் 1903இல் 4,656 மீட்டர் சசாகோ சுரங்கத்தைத் திறந்தவர்கள்தானே? அதற்கு மேல் 1,300 மீட்டர் வெட்டுவது லேசில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் ஓட்டு தைஹாச்சிக்குப் பாதி, மலைக்குப் பாதி.

இப்போது ஷியோஜிரி பிளாட்பாரத்தில் திராட்சைக் கொடி வளர்த்துப் பழம் பறிக்கிறார்கள். உங்கள் 'உம்'மை அங்கே போட்டுப் பாருங்கள்: 'ரயில்வே ஸ்டேஷனிலுமா?'