இசை கேள்வி–பதில்: கூல்டின் நாற்காலியும் ஒட்டுப்போட்ட டேப்பும்

கேள்வி: பியானோ கற்கும் என் மகன், கனடாவின் கிளென் கூல்ட் வாசிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அவரைப் போலவே தாழ உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறான். விடலாமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். வழக்கமான பியானோ இருக்கையின் உயரம் 19, 20 அங்குலம் இருக்கும். கூல்டுடையது 14தான். மடக்கு நாற்காலி ஒன்றின் கால்களை அவருடைய அப்பா 1953இல் சுமார் 4 அங்குலம் அறுத்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கத் திருகு வைத்துக் கொடுத்தார். அதுவும் போதாமல் பியானோவின் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஏற்றிக்கொள்வார் கூல்ட்.

இப்படி உட்கார்ந்தால் வேலையெல்லாம் விரலுக்குத்தான். தோளின் கனம் கட்டைகளில் இறங்காது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில் ஒரே நேரத்தில் ஓடும் மூன்று நான்கு குரல்கள், அதாவது தனித்தனி மெட்டுகள், தெளிவாகப் பிரிந்து கேட்க அது உதவும். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவுக்கு வேண்டிய பெரிய நாதம் வராது. கூல்டுக்கு அந்த ரக இசையில் பிரியமே இல்லை, அதனால் நஷ்டமில்லை. உங்கள் மகன் எல்லாம் வாசித்தாக வேண்டும். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கட்டும்.

காப்பியடிக்க வேண்டுமானால், கூல்டின் ஆசிரியர் அல்பெர்டோ குரேரோ சொல்லிக்கொடுத்த தட்டுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கையைத் தளர்வாகக் கட்டைகள்மேல் வைத்து, மறு கையால் ஒவ்வொரு விரல்நுனியையும் தட்ட வேண்டும். கட்டை இறங்கி எழும்பும். தட்டுப்படும் விரல் தானாக எதுவும் செய்யக்கூடாது. பிறகு அதே வரிசையை அந்தக் கையே மெதுவாக வாசிக்க வேண்டும். தட்டுவதற்கு முன்பே விரலைத் தூக்கிவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் தப்பு. தூக்கினால் தசை இறுகிவிடும், பயிற்சி வீண்.

கேள்வி: புகழின் உச்சியில் அவர் மேடையை விட்டது பயத்தாலா?
– வாசகர், கோவை

1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலஸ். அதுதான் கடைசிக் கச்சேரி. வயது 31. பயணமும் கூட்டமும் அவருக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் மேடையில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பதே அவருடைய பெரிய குறை.

ஸ்டூடியோவில் என்ன செய்தார் என்பதற்கு அவரே சொன்ன உதாரணம் ஒன்று: பாக்கின் ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ முதல் தொகுதியின் ஏ மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் இசை வடிவம்). எட்டு முறை பதிவானதில் ஆறாவதும் எட்டாவதும் பிசிறில்லாமல் வந்தன. ஆறாவது கம்பீரம், எட்டாவது துள்ளல். தனியாகக் கேட்டால் இரண்டுமே கடைசிவரை ஒரே குணமாக ஓடி அலுப்புத் தட்டின. தொடக்கத்தையும் முடிவையும் ஆறாவதிலிருந்தும் நடுப்பகுதியை எட்டாவதிலிருந்தும் எடுத்து ஒட்டினார்கள். இரண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால்தான் அது முடிந்தது. வெட்டு, புது ஸ்வரம் விழும் நொடியிலேயே விழ வேண்டும். சற்றுத் தள்ளிப்போனால் முந்தைய ஸ்வரத்தின் கார்வை அறுந்து காதை உறுத்தும்.

கேள்வி: கூல்ட் வாசித்த பாக் இன்வென்ஷன்ஸ் (சிறு பியானோத் துண்டுகள்) பதிவில் சில ஸ்வரங்கள் இரண்டு தடவை கேட்கின்றன. என் பிளேயர் கோளாறா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை, பியானோதான். சிடி 318 என்ற எண் கொண்ட அந்த ஸ்டெயின்வேயின் கட்டைகள் இறகுபோல இயங்க வேண்டுமென்று கூல்ட் ஓயாமல் திருத்தச் சொன்னார். விளைவு, நடு ஸ்தாயியில் சில சுத்தியல்கள் கம்பியை அடித்துவிட்டுத் திரும்பத் துள்ளி மறுபடி தொட்டன. இந்த ‘விக்கலை’ ரெக்கார்டின் உறையிலேயே அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1971இல் கொண்டுபோகும்போது கீழே விழுந்து அதன் இரும்புச் சட்டத்தில் விரிசல் விட்டது. பழுதுபார்த்தும் பழைய தொடுகை திரும்பவில்லை. 1981இல் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை (ஒரு மெட்டும் அதன் முப்பது மாற்று வடிவங்களும்) மறுபடி பதிவு செய்தபோது யமஹா பியானோவில் வாசித்தார்.

கேள்வி: அந்த கோல்ட்பர்க், 1955இல் 38 நிமிடம், 1981இல் 51. அவ்வளவு நிதானமாகிவிட்டாரா?
– வாசகர், சென்னை

ஓரளவுதான். முதல் பதிவில் எதையும் திருப்பி வாசிக்கவில்லை. இரண்டாவதில் பல வேரியேஷன்களின் முதல் பாதியைத் திருப்பினார். நேரம் கூடியதில் அதற்கும் பங்குண்டு. வேகத்தை மட்டும் ஒப்பிட, இரண்டிலுமே திருப்பி வாசிக்காத ஆரியாவை, அதாவது தொடக்க மெட்டை, கேளுங்கள்: முன்பு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, பின்பு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்.