ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியால் மீன் தேடும் கருவி) திரை முழுக்கப் புள்ளிகளாக இருக்கிறது, மீன் தெளிவாகத் தெரிய கெயினை எப்படி வைப்பது?

கெயின் என்பது, திரும்பி வரும் எதிரொலியைக் கருவி எவ்வளவு கூர்ந்து கேட்க வேண்டும் என்ற அளவு. கருவி அனுப்பும் ஒலி மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் பட்டுத் திரும்புகிறது. கலங்கல், நுரை, மிதக்கும் பாசியில் பட்டும் திரும்பும். சரியாகப் பிடிக்காத ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுமே, அதுதான் இங்கேயும்.

முதலில், கருவி தானாகவே கெயினை மாற்றும் ஆட்டோ முறையை நிறுத்துங்கள். திரையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் நிறையும்வரை கெயினைக் கூட்டி, அப்புறம் ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். புள்ளிகள் கலைந்து, தரைக்கோடு மட்டும் அழுத்தமாக நிற்கிறதா? சரி, அங்கேயே விடுங்கள். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா ஆழம் குறைவு. அங்கே கருவி அனுப்பும் ஒலியின் அதிர்வெண் 200 கிலோஹெர்ட்ஸ் போதும். மன்னார் வளைகுடாவில் ஆழத்துக்குப் போனால் 50 கிலோஹெர்ட்ஸ்.

திரையில் கோடு நீளமாக இருந்தால் மீன் பெரியது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மீன் படகுக்கு அடியில் நெடுநேரம் நின்றது என்பதுதான் அதன் பொருள்.