ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க மாதம் எவ்வளவு ஆகும்? சேலம் மாதிரி ஊரில் இருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

சின்ன நகரம் என்றால் மாதம் 700 யூரோவை ஒட்டி ஆகும். மியூனிக் மாதிரி ஊர் என்றால் 1,100-ஐத் தாண்டும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரை. கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் இவ்வளவுதான். கட்டுப்படியாகுமா என்பதுதான் பெரிய கேள்வி. குடும்பங்கள் திணறுவது மாதச் செலவில் இல்லை. விமானம் ஏறும் முன்பே மொத்தமாக எடுத்து வைக்க வேண்டிய பணத்திலும், பையன் அங்கே சம்பாதிக்கத் தொடங்கும் வரை ஓடுகிற மாதங்களிலும்தான் திணறுகிறார்கள்.

நான் சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குச் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தம்பி மாக்டெபர்க் நகரில் முதுகலை படிக்கிறான். படிப்பு அவன் பாடு. வங்கிக்கு நடப்பது, பணம் அனுப்புவது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பாடு. அதனால் பணம் கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான், செமஸ்டர் கட்டணமாகச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் அங்கேதான்) நம் மாதிரி வெளிநாட்டு மாணவர்களுக்கு 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. பெயருக்கு ஆசைப்பட்டு விண்ணப்பிக்கும் முன் இதைப் பாருங்கள்.

சரி, முதலில் கரையும் பணம். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாகத்தான் வாங்கும். அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. விசாவுக்கு 75 யூரோ. இதோடு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, பெங்களூரிலிருந்து ஒருவழி டிக்கெட், துணிமணி, பெட்டி. இடம் கிடைக்கிறதோ இல்லையோ, விண்ணப்பத்துக்குக் கட்டியது திரும்பி வராது. ஆகவே பத்துப் பன்னிரண்டு இடத்துக்குப் போட்டு வைப்போம் என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னால், ஒவ்வொரு படிப்பின் தகுதி விதியையும் பையனையே படிக்கச் சொல்லுங்கள். பாதி இடம் அங்கேயே கழிந்துவிடும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்ட். விசா வேண்டுமென்றால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை ஜெர்மனியில் ஒரு கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 வீதம் மாணவருக்குத் திறந்துவிடுவார்கள். இதைப் படிப்புக் கட்டணம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. இது உங்கள் பணம்தான், உங்கள் பையன் சாப்பிடத்தான் வரும். ஆனாலும் சுமார் பன்னிரண்டு லட்சத்தை ஒரே நாளில் புரட்ட வேண்டும், அதுதான் விஷயம்.

பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, வக்கீல் ஒப்பீனியன், இன்ஜினியர் மதிப்பீடு என்று ஊர்வலமே நடக்கும். தாத்தா பேரில் இருக்கும் வீடு, பங்கு பிரிக்காத மனை என்றால் இங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிடும். அதனால் பையன் ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் சேரும் நாளிலேயே நீங்கள் பத்திரத்தை எடுத்து வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் விசா தேதிக்கும் வங்கிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். வட்டியையும் இப்போதே போட்டுப் பாருங்கள். பதினைந்து லட்சம் கடன், பத்து சதவீத வட்டி என்றால் மாதம் 12,500 ரூபாய் வட்டி மட்டும். படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், முடிந்தால் அதையாவது மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது.

பணம் அனுப்பும்போது கூகுளில் பார்க்கும் யூரோ விலையை நம்பாதீர்கள். வங்கி விற்கும் விலை வேறு. யூரோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலே 11,904 யூரோவுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போகிறது. நான் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒரு வங்கி மேலாளர், "இது சிஸ்டத்துல வர்ற ரேட்டும்மா, மாத்த முடியாது" என்றார். வேறொரு இடத்து விலையைக் காட்டியதும் உள்ளே போன் போட்டுப் பேசி எழுபது பைசா குறைத்தார். கேட்டால் குறையும். அப்புறம் டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி. ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை அனுப்பினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு வரி பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போனால் 2025 ஏப்ரலிலிருந்து கிடையாது. பிடித்தாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம், ரீஃபண்டாகவும் வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

போய் இறங்கியதும் பிளாக்டு அக்கவுண்ட் பணம் உடனே கைக்கு வராது. முதலில் தங்க இடம் வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும், அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். அதன் பிறகுதான் முதல் 992 வரும். இதற்குள் வாடகையும் அட்வான்ஸும் கேட்பார்கள். தனியார் வீடு என்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை போகும். ஆக, தனியாக 1,500 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) போட்டு அனுப்புங்கள். தம்பி போன புதிதில் போன் பண்ணி, "அக்கா, ரூம் கெடச்சிருச்சு, ஆனா மெத்தை இல்ல, லைட்டும் இல்ல" என்றான். முன்பு இருந்தவர் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அங்கே அது சாதாரணமாம்.

வாடகைதான் மொத்தக் கணக்கையும் முடிவு செய்கிறது. மாக்டெபர்க், கெம்னிட்ஸ் மாதிரி கிழக்குப் பக்க நகரங்களில் மாணவர் விடுதி அறை 250-லிருந்து 350 யூரோவுக்குள் கிடைக்கும். மியூனிக்கில் ஒரு அறைக்கு 700 கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. விளம்பரத்தில் வாடகை இரண்டு விதமாக வரும். ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்ந்த தொகையைத்தான் பார்க்க வேண்டும். இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம். நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் கேட்டு வரும் மின்னஞ்சலெல்லாம் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு அடுத்தது மருத்துவக் காப்பீடு, மாதம் 150 யூரோவை ஒட்டி. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான விலை இது. டாக்டரிடம் போனால் தனியாகப் பணம் வாங்க மாட்டார்கள், ஆனால் மூக்குக் கண்ணாடிக்கு இதில் கிடைக்காது. இங்கேயே இரண்டு ஜோடி செய்து கொடுத்து அனுப்புங்கள், பல்லையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்புறம் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம், எனவே மூன்று பேர் சேர்ந்து இருந்தால் பிரித்துக்கொள்ளலாம். அதன் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டால் பின்னால் பாக்கியாக வந்து நிற்கும்.

சாப்பாட்டுக்குச் சமைத்துச் சாப்பிட்டால் 150-லிருந்து 200 யூரோ போதும். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பால், தயிர், முட்டை எல்லாம் ஆல்டி, லிடில் கடைகளில் மலிவுதான். பல்கலைக்கழக கேன்டீனில் மூன்று நான்கு யூரோவுக்கு வயிறு நிறையும். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, கறிவேப்பிலைக்கு ஈழத் தமிழர் கடைகள் பல நகரங்களில் இருக்கின்றன. அந்த மக்கள் 1980-களிலிருந்தே அங்கே வேரூன்றியவர்கள். ஹாம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயிலே கட்டி 2002-ல் குடமுழுக்கு நடத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். தம்பியின் அறைத் தோழர்கள் மாதக் கடைசியில் அந்தப் பாட்டில் மூட்டையை வைத்துத்தான் காய்கறி வாங்குவார்களாம்!

குக்கர் கட்டாயம் கொடுத்து அனுப்புங்கள், ஆனால் அடி தட்டையான எவர்சில்வர் குக்கராக. அங்கே எல்லாம் மின் அடுப்பு, இண்டக்ஷன் என்றால் அலுமினியம் சூடே ஆகாது. கேஸ்கட் இரண்டு உபரியாக வையுங்கள். விடுதியில் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். வரமிளகாய் கருகிப் புகை அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. நெய், பால்கோவா, இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. சித்தி ஒரு பெட்டி இமாம்பசந்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நின்றார், பாவம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வடகம், தட்டுவடை எல்லாம் தாராளமாகப் போகலாம். ஏற்காட்டில் வாங்கிய ஸ்வெட்டரை நம்ப வேண்டாம். ஜனவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும். உள்ளே போடும் தெர்மலைத் திருப்பூர் சரக்காக இங்கேயே வாங்குங்கள், மேல் ஜாக்கெட்டை அங்கே வாங்கட்டும்.

இனி பகுதி நேர வேலை. "போய் இறங்கின மாசமே சம்பாதிக்கலாம்" என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தாலே வாடகையும் சாப்பாடும் தேறிவிடும். ஆனால் கிடைக்க வேண்டுமே. ஜெர்மன் மொழி தெரியாவிட்டால் குடோன் வேலை, பாத்திரம் கழுவும் வேலைதான், அதற்கும் சின்ன நகரத்தில் போட்டி. முதல் ஆறு மாதத்துக்கு வேலை வருமானம் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் பணத்தை ஜெர்மன் வகுப்புக்குக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து.

இரண்டாம் வருடத்தை யாரும் சொல்வதில்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தை மறுபடி காட்டச் சொல்வார்கள். வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் இருந்தால் அது உதவும், இல்லாவிட்டால் மீண்டும் கணக்கில் பணம். படிப்பும் இரண்டு வருடத்தில் முடியும் என்று எழுதியிருக்கும், தேர்வு தள்ளிப்போய் இரண்டரை, மூன்று என்று ஆகிறவர்கள் நிறைய.

அதனால் என் கணக்கு இதுதான்: முதல் வருடப் பணம் முழுதும் கையிலோ கடனிலோ உறுதியாக இருந்து, இரண்டாம் வருடத்தில் பாதியையாவது வீட்டால் தாங்க முடியும் என்றால் கட்டுப்படியாகும். இருக்கும் ஒரே வீட்டை வைத்து முதல் வருடத்தை மட்டும் ஒப்பேற்றிவிட்டு, மிச்சத்தைப் பையன் சம்பாதித்துக்கொள்வான் என்றால் இப்போது வேண்டாம். இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுப் போகட்டும், வேலை அனுபவம் அங்கேயும் செல்லும்.

கிளம்பும் முன் ஒரு வேலை: பையனின் இந்திய சிம்மில் ரோமிங் போட்டுவிடுங்கள். கடன் கணக்கு, வருமான வரி, ஆதார் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். குறுஞ்செய்தி வாங்க மட்டும் சிம் உயிரோடு இருந்தால் போதும், குறைந்தபட்ச ரீசார்ஜை நீங்கள் இங்கிருந்தே போட்டுக்கொள்ளலாம்.