வயலின் பச்சை ஏன் பிளாஸ்டிக் மாதிரி வருகிறது?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆயில் பெயிண்டில் எங்கள் ஊர் வயல்களை வரைகிறேன், செல்போனில் எடுத்த போட்டோதான் ஆதாரம், டியூபில் வரும் சாப் கிரீன் பச்சையில் வெள்ளை கலந்து போட்டால் பயிர் பிளாஸ்டிக் புல் மாதிரி தெரிகிறது, விலை கூடிய பெயிண்ட் வாங்கினால் சரியாகுமா, மழைக்காலத்தில் படத்தைக் காயவைப்பது எப்படி என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். முதலில் காலை ஏழு மணிக்கு ஒரு வரப்பில் போய் நில்லுங்கள். வெயில் முதுகில் படும்படி நின்று பயிரைப் பாருங்கள், அப்புறம் அப்படியே திரும்பி, சூரியன் இருக்கும் பக்கத்துப் பயிரைப் பாருங்கள். இரண்டும் ஒரே நெல்தான், ஆனால் முதலில் பார்த்ததில் இலையின் மேல் பட்ட வெளிச்சம் திரும்பி வருகிறது, கூடவே வானத்தின் நீலமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதனால் அடங்கிய பச்சை. இரண்டாவதில் வெயில் இலைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வருகிறது, அதனால் மஞ்சள் தூக்கலாகப் பளீரென்று தெரியும். இந்த இரண்டையும் ஒரே டியூப் பச்சையால் வரைந்தால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே படத்தில் இருக்காது. பிளாஸ்டிக் மாதிரி தெரிவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அதனால் கொஞ்ச நாள் பச்சை டியூபை எடுத்து வைத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தோடு லெமன் மஞ்சள் கலந்தால் தெளிவான பச்சை வரும், அதே நீலத்தோடு யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள் கலந்தால் தென்னந்தோப்புக்கும் தூரத்து மரங்களுக்கும் ஏற்ற மங்கிய பச்சை வரும். எது கூடுதலாகக் கத்தினாலும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு துளி சேர்த்தால் அடங்கிவிடும். வெள்ளையில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். டைட்டானியம் வெள்ளை பச்சையை வெளிறவும் வைக்கும், குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும், வெயில் பட்ட இடத்துக்கு நேர் எதிரான விளைவு அது. வெளிச்சம் கூட்ட முதலில் மஞ்சளைச் சேருங்கள், போதாவிட்டால் மட்டும் வெள்ளை.

வெள்ளைக் கேன்வாஸில் நேராக ஆரம்பிக்காமல், பர்ன்ட் சியன்னாவை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, காயவிட்டு வரைந்து பாருங்கள். பச்சைத் தீற்றல்களுக்கு நடுவே அந்தச் செம்மண் நிறம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். இதற்கு ஈடாக வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

போட்டோவை வரப்பு எப்படி வளைகிறது, மரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் ஒன்று வானத்தை வெளுத்துவிடும், இல்லையென்றால் நிழலைக் கறுப்பாக்கிவிடும். உண்மையில் தோப்பு நிழலுக்குள் வானத்து நீலமும் இருக்கிறது, தரையிலிருந்து எழும்பும் செம்மையும் இருக்கிறது, அதைக் கண்தான் பிடிக்கும். நிறத்துக்கு எட்டுக்குப் பத்து அங்குலப் பலகை ஒன்றை வயலுக்கே எடுத்துப் போய் அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெளிச்சம் மாறிவிடும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91-ல் கதிர்ப்போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு வெளிச்சம் மாற மாற ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனார். நமக்கு இரண்டு பலகை போதும்.

சித்திரையில் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் மேலே நிற்கும், நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும், படத்துக்குப் பிடிமானமே கிடைக்காது. அந்த நேரத்தைத்தான் வரைய ஆசை என்றால் தோப்புக்குள் உட்கார்ந்து வெளியே வயலைப் பாருங்கள், சுற்றியுள்ள இருட்டே வயலை எரிய வைக்கும்.

காய்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆயில் பெயிண்டில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது, அதனால் அடைமழைக் காலத்தில் பீரோவுக்குள் பூட்டி வைக்காமல் காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வையுங்கள், இருட்டில் வைத்தால் மஞ்சளும் பூக்கும். கீழ்ப்பூச்சில் டர்பென்டைன், மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். இதை மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும்.

சம்பா நட்ட புதிதில் வயலில் நாற்றை விடத் தண்ணீர்தான் அதிகம் தெரியும், தண்ணீரில் இருப்பது வானம். அந்த நாட்களில் போனால் பச்சையைக் கொஞ்சமாகக் கலந்துகொண்டு, நீலச் சாம்பலை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.