படிகாரம் வளர்க்கிற பெண்ணுக்குக் கோட்டா சீட் எதற்கு?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் பி.எஸ்சி. இயற்பியல் கேட்கிறாள், அவளுடைய மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். இயற்பியல் படித்தால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் நிலத்தை அடகு வைத்து அந்த சீட்டை வாங்க நான் ஒப்பமாட்டேன். கடன் உங்கள் பெயரில், பிடிக்காத படிப்பு அவள் தலையில். மாமாவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

பேங்க் தேர்வையும் டீச்சர் வேலையையும் ஊரே சொல்லும், விடுங்கள். அவள் வீட்டில் படிகாரக் கட்டி வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கைப்பக்குவம் கேட்கிற துறை ஒன்று உண்டு: எக்ஸ்-ரேயை உணரும் ஃபெரோஎலக்ட்ரிக் பெரோவ்ஸ்கைட் படிகங்கள். பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு வகை அணு அடுக்கமைப்பு; ஃபெரோஎலக்ட்ரிக் என்றால் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்ற மின் முனைவாக்கம் தனக்குள்ளேயே உள்ளது.

மார்பக எக்ஸ்-ரே எடுக்கும் மேமோகிராம் கருவிகள் பலவற்றில் உள்ள செலினியத் தகட்டுக்கு மைக்ரானுக்குச் சுமார் 10 வோல்ட் கொடுத்தால்தான் சிக்னல் வரும். ஈயமும் அயோடினும் கலந்த பெரோவ்ஸ்கைட் கதிரை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதிக வோல்டேஜில் அயனிகள் நகர்ந்து, கதிர் படாதபோதும் மின்னோட்டம் அலைபாயும். ஃபெரோஎலக்ட்ரிக் படிகத்தில் இயல்பாகவே இருக்கும் முனைவாக்கமே எக்ஸ்-ரே உண்டாக்கும் மின்னூட்டங்களைப் பிரித்துவிடுவதால் வெளி வோல்டேஜே வேண்டாம். சீனாவின் ஃபூஜியன் ஆய்வகங்கள் இதில் நிறையச் செய்திருக்கின்றன.

வளர்ப்பதில்தான் சூட்சுமம். ஈய உப்பையும் அமீனையும் (நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்) சூடான ஹைட்ரோபுரோமிக் அமிலத்தில் கரைத்து, நாளுக்கு அரை டிகிரி, ஒரு டிகிரி என்று ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பெரிய படிகத்துக்குப் பதில் பத்துப் பொடிப் படிகங்கள் முளைக்கும். அல்லது கரைசல் உள்ளே சிக்கிக்கொள்ளும். அயோடைடு படிகம் என்றால் ஹைட்ரோஅயோடிக் அமிலம் எடுக்க வேண்டும், அது காற்றில் பழுப்பேறும். அதைத் தடுக்கக் கொஞ்சம் ஹைப்போபாஸ்பரஸ் அமிலம். பிறகு முனைவு அச்சைக் கண்டுபிடித்து, அதற்குச் செங்குத்தான முகங்களில் மின்முனை பூச வேண்டும். முகம் மாறினால் சிக்னல் கிடைக்காது. வெள்ளியைப் பூசினால் அது படிகத்தில் உள்ள புரோமைடு, அயோடைடோடு வினைபுரியும் என்பதால் தங்கமோ கார்பனோ நல்லது. கியூரி வெப்பநிலையைத் தாண்டிச் சூடாக்கினால் முனைவாக்கம் போய்விடும். ஈயம் விஷம், கையுறையில்லாமல் தொடக்கூடாது.

பி.எஸ்சி.க்குப் பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி.; அடுத்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் பி.எச்டி.க்கு மாதம் 37,000 ரூபாய், 2 வருடம் கழித்து 42,000. அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையமே இருக்கிறது. இந்தப் படிகங்கள் இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை, 22 வயதில் சம்பளம் வேண்டும் என்றால் இந்த வழி வேண்டாம். காத்திருக்க முடியுமா என்று மாமாவிடம் அல்ல, அவளிடம் கேளுங்கள். முடியும் என்றால், கல்லூரியில் சேர்க்கும் முன் அங்கே மூன்றாம் வருட மாணவர்கள் லேபில் வாரம் எத்தனை மணிநேரம் நிற்கிறார்கள் என்று விசாரியுங்கள்.